இருவர் நின்ற வரிசை

வைப்பாஹு, ஹவாய்
12 ஜூலை 2004

என் மதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய தங்கை லியோனிதா அறியும்படி, உன் மனாங், மூத்த சகோதரி பெர்பெத்துவா முறைப்படி வணக்கம் கூறி எழுதுவது.

உன் ஈஸ்டர் கடிதத்திற்கு இத்தனை தாமதமாக விடை எழுதுவதற்காக முதற்கண் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். காரணமின்றித் தாமதிக்கும் வழக்கம் மூத்தவளாகிய எனக்கு இல்லை என்பதை நீ அறிவாய். ஒரு செய்தி உறுதியாகும் வரை பேனாவைத் தொடுவதில்லை என்றிருந்தேன். நீயும் உன் கணவர் அன்செல்மோவும் பிள்ளை நெஸ்தோரும் நலமென்று நம்புகிறேன். நான் நலம். ஓட்டல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், உட்கார்ந்து உண்பதும் செய்தித்தாள் வாசிப்பதுமாகக் காலம் நகர்கிறது.

செய்தி இதுதான்: நம் முறை வந்துவிட்டது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற கையோடு, 1982ஆம் ஆண்டில், உன்னை இங்கே அழைத்துக்கொள்வதற்காக நான் இட்ட மனு இப்போது வரிசையின் முன்னால் வந்து நிற்கிறது. அதற்கான கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. அதை இருமுறை அகராதியோடு ஒப்பிட்டு வாசித்தேன். ஐயம் எதுவும் இல்லை.

நெஸ்தோர் குறித்து ஒரு வருத்தமான விவரம். மனு இட்டபோது அவன் கைக்குழந்தை. இருபத்தொரு வயதைக் கடந்த பிள்ளைகள் பெற்றோருடன் வர இயலாது என்பது சட்டம். வரிசை நகர்வதற்குள் அவன் வளர்ந்துவிட்டான். ஆயினும் வழி உண்டு. நீ இங்கு வந்து வதிவிட உரிமை பெற்றவுடன் அவனுக்காக நீ மனு இடலாம். ஒரே நிபந்தனை, அவன் முறை வரும் வரை திருமணம் செய்துகொள்ளக் கூடாது. செய்தால் அந்த மனு அன்றே மடிந்துவிடும். இதை அவனுக்கு நீயே பக்குவமாக எடுத்துச் சொல்.

கிழக்கு நோக்கிய அறை உங்களுக்கு. திரைச்சீலை தைத்துவிட்டேன்.

உன் நலம் நாடும்,
பெர்பெத்துவா


பசுகின், வட இலோக்கோஸ்
22 ஆகஸ்ட் 2004

அன்புள்ள மனாங்குக்கு லியோனிதா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விடவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பசித்துச் சாப்பிடுகிறீர்களா?

கடிதம் வந்த அன்று அன்செல்மோதான் உரக்கப் படித்தார். பாதியில் என்னைப் பார்த்து, "உங்கக்கா கடுதாசிய உக்காந்து கேட்டா தப்புடி. எந்திரிச்சு நில்லு, தொப்பிய கழட்டு" என்றார். தொப்பி இல்லை என்றேன். "அப்ப தலைய வாரிட்டு வா" என்றார்.

முறை வந்துவிட்டது என்ற வரியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன் அழுவுற?" என்று கேட்டார். "சந்தோசம்" என்றேன். அதுதானே மனாங், வேறென்ன.

மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. உப்புக் காய்ச்சும் திபூர்சியா மாமி வேலி மேல் சாய்ந்துகொண்டு, "இனிமே உங்க வீட்டு நாய்கூட இங்கிலீசுலதான் குலைக்கும்" என்கிறாள். அன்செல்மோ லவாக் போய்க் கறுப்பு ஷூ வாங்கி வந்திருக்கிறார். பழக்கமாக வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே பன்றிக்குத் தவிடு வைக்கிறார். நேற்று திடீரென்று கேட்டார்:

"அங்க பூண்டு வெளையுமா?"

"கடையில கெடைக்குமாம்."

"காசு குடுத்துப் பூண்டு வாங்குற ஊருக்கா போறோம்?"



பிறப்புச் சான்றிதழ்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் தனியாக அங்கே இருப்பது இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
லியோனிதா


வைப்பாஹு
30 செப்டம்பர் 2004

அன்புத் தங்கைக்கு, நலம் கூறி நலம் விழைகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நான்கு முறை வாசித்தேன். அன்செல்மோவின் வேடிக்கைப் பேச்சுகளைப் பொருட்படுத்தவில்லை என்று அவரிடம் சொல். ஆனால் நெஸ்தோரைப் பற்றி நான் எழுதிய பத்திக்கு அதில் விடை இல்லை. மறதியாக இருக்கலாம். அடுத்த மடலில் எழுதவும்.

கையெழுத்து கோணலாக இருப்பதைக் கண்டு கவலைகொள்ளாதே. பேனா சரியில்லை.

சில விவரங்கள் அறிய விரும்புகிறேன். கிணற்றடி முருங்கை இன்னும் இருக்கிறதா, அல்லது புயலில் சாய்ந்ததா? அறுவடையான பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, தூண்கள்மேல் நிற்கும் நம் வீட்டின் அடியில் தொங்கவிடும் வழக்கம் உண்டா? அந்த மணம் பலகை இடுக்குகளின் வழியாக ஏறிப் போர்வை வரை வருமே, இப்போதும் வருகிறதா? விடியலில் கடற்காற்று எந்தப் பக்கத்துச் சன்னலைத் தட்டுகிறது? இவையெல்லாம் தகவலுக்காகக் கேட்பவை மட்டுமே.

இங்கே பக்கத்து வீட்டுக்காரர் சேவல் வளர்த்தார். யாரோ புகார் கொடுத்தார்கள், சேவலைக் கொண்டுபோய்விட்டார்கள். புகார் கொடுத்தது நானல்ல. அது கூவுவதைக் கேட்டுத்தான் நான் எழுந்துகொண்டிருந்தேன்.

உங்களுக்கென்று புதிய தட்டுகள் வாங்கியிருக்கிறேன். என் கணவர் மானோங் கிறிஸ்புலோ இறந்த பிறகு இந்த வீட்டில் ஒரு தட்டுதான் புழக்கத்தில் இருந்தது. கடைக்காரப் பெண், "விருந்தாளியா?" என்று கேட்டாள். "விருந்தாளி இல்லை, குடும்பம்" என்று திருத்தினேன்.

பெர்பெத்துவா


பசுகின்
5 நவம்பர் 2004

அன்புள்ள மனாங், சுகம்தானே? இங்கே சுகம்.

இறந்தோர் நாளுக்குக் கல்லறைக்கெல்லாம் வெள்ளையடித்தோம். வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மானோங் கிறிஸ்புலோவுக்கும் ஆளுக்கொரு தட்டு சோறு படைத்தேன். மானோங்குக்குச் சுருட்டும் வைத்தேன். ஹவாயில் செத்தவருக்கு இங்கே வைத்தால் வந்து சேருமா என்று நெஸ்தோர் கேட்டான். "பொறந்த ஊரு இதுதானே, வழி தெரியும்" என்று அன்செல்மோ சொன்னார்.

முருங்கை இருக்கிறது. பாதி சாய்ந்துவிட்டது, ஆனாலும் தழைக்கிறது. பூண்டு இப்போதுதான் ஊன்றி வைக்கோல் மூடினோம். வெட்டியதும் வீட்டின் அடியில்தான் கட்டுவோம். போர்வை, தலையணை, என் முடி எல்லாம் அந்த வாசம்தான். கடற்காற்று நீங்கள் படுத்த மூலைச் சன்னலைத்தான் தட்டுகிறது. இப்போது அங்கே நெல் மூட்டை கிடக்கிறது.

நெஸ்தோரிடம் சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றான்.

வீட்டில் ஒரு பன்றியைக் கொழுக்க வைத்துக்கொண்டிருக்கிறோம். எதற்கென்று கேட்காதீர்கள், விசேஷத்துக்குத்தான்.

தூதரகத்தில் நேர்காணலுக்கு ஜனவரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மனாங். என்ன கேட்பார்கள்?

லியோனிதா


வைப்பாஹு
8 டிசம்பர் 2004

அன்புத் தங்கைக்கு,

நலம். அட்டைப்பெட்டி ஒன்றைக் கப்பலில் அனுப்பியுள்ளேன். எனக்குத் தெரியாமல் வழியனுப்பு விருந்துக்குப் பன்றி வளர்க்கிறாய் என்பது புரிகிறது. வீண் செலவு. எனினும் மகிழ்ச்சி.

நேர்காணலுக்கு அஞ்சாதே. 1960ல் நான் போனேனே, நினைத்துப்பார். எனக்கு இருபத்திரண்டு. கரும்புத் தோட்டத்தில் நரைத்துப்போய்ப் பெண் தேடி ஊர் திரும்பியிருந்த மானோங் கிறிஸ்புலோவுக்கு ஐம்பத்து நான்கு. அதிகாரி என்னை மட்டும் தனியே அழைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்:

"இந்தப் பெரியவருக்கு என்ன வயசுன்னு தெரியுமா?"

"தெரியும், ஐயா."

"நெசமாவே இவரை உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கும், ஐயா. போன வாரந்தானே பாத்தேன்."

அவர் சிரித்து முத்திரை குத்தினார். நான் பொய் சொல்லவில்லை. பிறகு பிடித்தது. நல்ல மனிதர், குறைவாகப் பேசுவார், என் வாசிப்பைப் பிறரிடம் புகழ்வார்.

ஆகவே நீயும் உண்மையைச் சுருக்கமாகச் சொல். ஏன் செல்கிறாய் என்று கேட்டால், என் அக்காவுடன் வாழச் செல்கிறேன் என்று சொல். அது போதும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். விடியற்காலைப் பூசைக்குப் போகும்போது எனக்காகவும் நடந்துவா.

பெர்பெத்துவா


பசுகின்
30 ஜனவரி 2005

அன்புள்ள மனாங், விசா கிடைத்துவிட்டது. இதை முதலில் எழுதிவிட்டேன். இனி உங்கள் சுகம் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. நம் பேச்சு தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

"உங்க அக்காவைக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"தொண்ணூத்தஞ்சுல, ஊர்த் திருவிழாவுக்கு வந்தாங்க."

"அங்க போய் என்ன செய்யப்போறீங்க?"

நீங்கள் சொல்லிக்கொடுத்தது மனப்பாடம்தான். வாயில் வேறு வந்தது. "அவங்களுக்கு ஆக்கிப் போடுவேம்மா. தனியாச் சாப்புடுறாங்க."

"அது வேலை இல்லையே?"

"எங்க ஊருல அதுதாம்மா வேலை."

அன்செல்மோவைப் பார்த்து, "நீங்க?" என்றார். அவர் ஷூவைச் சேர்த்து வைத்து நிமிர்ந்து, "நான் இவங்ககூட வந்தேன்" என்றார். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஜூலை பதினெட்டுக்குள் அங்கே வந்து இறங்க வேண்டுமாம். தவறினால் திரும்பவும் கிடைக்காது.

ஒன்று சொல்ல வேண்டும். மணிலாவுக்குப் பஸ் ஏறும்போது, நம் உயிர் வீட்டிலேயே தங்கிவிடாமல் இருக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமல்லவா, "வா, பின்தங்கிடாதே" என்று. அன்செல்மோ வாசலில் நின்று தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டார். நான் மறந்துவிட்டேன். பதோக் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பாதி வழியில் கூப்பிட்டால் அதற்குக் கேட்குமா, மனாங்? அன்றைக்கு நீங்கள் கிளம்பும்போது கூப்பிட்டீர்களா? எனக்குப் பத்து வயது. அழுததுதான் ஞாபகம் இருக்கிறது, கூப்பிட்டது காதில் விழுந்த ஞாபகம் இல்லை.

லியோனிதா


வைப்பாஹு
18 பிப்ரவரி 2005

என் அன்பிற்குரிய தங்கையே,

நலமா என்று கேட்கும் பொறுமைகூட எனக்கு இன்று இல்லை. கடிதத்தைத் தபால் பெட்டியருகே நின்றபடியே பிரித்தேன். பிறகு தேவாலயத்திற்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அங்கிருந்த நம் ஊர்க்காரி சியோங்கிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அப்பாடா மனாங், இனிமேலாச்சும் நாங்க உங்க சமையலச் சாப்புட வேண்டியதில்ல" என்றாள். மரியாதை தெரியாதவள். ஆனால் நல்லவள்.

சியோங் மார்ச்சில் விடுமுறைக்கு ஊர் வருகிறாள். மே மாதம் திரும்புவாள். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரம் பயணச்சீட்டு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒப்புதல் எழுது.

உயிரைக் கூப்பிட்டேனா என்று கேட்டாய். இல்லை. ஜீப் காத்திருந்தது. மானோங் கிறிஸ்புலோ புதுச் சட்டை கசங்கிவிடும் என்று அவசரப்படுத்தினார். இங்கே வந்த முதல் சில ஆண்டுகள், துணி மடிக்கும்போதெல்லாம் மனத்திற்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். வந்ததாகச் சொல்ல இயலாது.

இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மூட நம்பிக்கை.

பெர்பெத்துவா


பசுகின்
20 மார்ச் 2005

அன்புள்ள மனாங், இங்கே சுகம். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் வேண்டாம். பூண்டு இப்போதுதான் வெட்டியிருக்கிறோம். காய வேண்டும், தரம் பிரிக்க வேண்டும். வேறு சில வேலைகளும் இருக்கின்றன. ஜூனில் வருகிறோமே. விசாவுக்கு ஜூலை வரை நேரம் இருக்கிறதல்லவா.

சியோங் வந்து சேர்ந்தாள். நீங்கள் கொடுத்தனுப்பிய காப்பித்தூளும் அன்செல்மோவின் பூப்போட்ட சட்டையும் கிடைத்தன. சட்டையும் ஷூவுமாக அவர் தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தார்.

பேச்சு வாக்கில் சியோங் சொன்னாள்: "மனாங் பாவம், இந்த வயசுலயும் விடியக்காலைல பஸ் ஏறிடுறாங்க. ஈரப் பெட்ஷீட்டு என்னா கனம் தெரியுமா? எங்கள மாதிரி சின்னவளுங்களே ஒடிஞ்சு போறோம்."

நான் கையில் இருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் ஓய்வு பெற்று உட்கார்ந்து சாப்பிடுவதாக எழுதினீர்களே. எது உண்மை, மனாங்? இன்னும் வேலைக்குப் போகிறீர்களா?

லியோனிதா


வைப்பாஹு
4 ஏப்ரல் 2005

தங்கைக்கு,

நலம். சியோங் அளவுக்கு மீறிப் பேசுபவள். இருப்பினும் கேட்டுவிட்டதால் விடை கூறுகிறேன்.

ஓட்டலின் துணி மடிக்கும் பிரிவில் இன்றும் பணிபுரிகிறேன். உறவினரை அழைப்பவர் தாமும் இந்நாட்டில் குடியிருக்க வேண்டும். வருபவர்களைத் தாங்குமளவு வருமானமும் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மனு விழுந்துவிடும். ஆகவே ஓய்வு பெறவில்லை. இங்கிருந்து நகரவும் இல்லை. வலது மணிக்கட்டு சற்று வீங்கியுள்ளது. கையெழுத்து கோணியதற்குக் காரணம் பேனா அல்ல.

இதை உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், சொன்னால் நீ வேண்டாம் என்பாய். வேண்டாம் என்ற சொல்லைக் கேட்க நான் இத்தனை காலம் நிற்கவில்லை.

ஜூன் மாதம் சரி. அதற்குமேல் தள்ளிப்போடாதே. வேறு சில வேலைகள் என்று எழுதியிருக்கிறாயே, அவை யாவை?

பெர்பெத்துவா


வைப்பாஹு
29 மே 2005

லியோனிதாவுக்கு,

நலம். நீங்கள் யாவரும் நலமே என்று பிறர் மூலம் அறிந்தேன்.

ஏப்ரலில் நான் எழுதியதற்கு உன்னிடமிருந்து விடை வரவில்லை. தபால் துறையைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை சியோங் ஊரிலிருந்து திரும்பினாள். வாழையிலையில் சுருட்டி நெருப்பில் சுட்ட துப்பிக் பலகாரம் கொண்டுவந்தாள். தேங்காய் நன்றாக வெந்திருந்தது. அதைச் சொன்னேன்.

"கல்யாணத்துக்குச் சுட்டதாச்சே மனாங், சும்மாவா?" என்றாள்.

"யாருடைய கல்யாணம்?" என்று கேட்டேன்.

அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "ஐயோ. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லக்கூடாதுன்னு லியோனிதா சத்தியம் வாங்கியிருக்கா" என்றாள்.

நம் நெஸ்தோரின் திருமணத்தை நான் இவ்வாறு அறிந்துகொண்டேன். வளர்த்த பன்றி எங்கே போயிற்று என்பதும் இப்போது விளங்கிற்று.

பெண் வீட்டில் பேசப் போவதற்கு முன் குடும்பத்தின் மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நம் முறை. மூத்தவர் கடல் கடந்து இருந்தாலும் கேட்பார்கள். நீ கேட்டிருந்தால் மறுத்திருப்பேனா என்று மூன்று நாட்களாக யோசித்தேன். மறுத்திருப்பேன். அவனுடைய எதிர்காலம், அவனுக்கான மனு என்று நீண்ட கடிதம் எழுதியிருப்பேன். அதனால்தான் நீ கேட்கவில்லை. அது எனக்குத் தெரிகிறது. தெரிவதால் வலி குறைவதில்லை.

அந்தப் பெண்ணின் பெயரையாவது எழுது.

பெர்பெத்துவா


பசுகின்
8 ஜூன் 2005

என் மனாங்,

அவள் பெயர் அர்லின். அமைதியானவள், நன்றாக நெய்வாள். ஆகஸ்டில் குழந்தை பிறக்கும்.

அந்த விஷயம் வீட்டுக்குத் தெரிந்த அன்று, நீங்கள் எழுதியிருந்ததை நெஸ்தோரிடம் மறுபடியும் சொன்னேன். "இன்னொரு வரிசையாம்மா?" என்றான். "நீங்க நின்னீங்களே, அது பத்தாதா? பொறக்கப் போற புள்ளைக்கு அப்பன் பேரு வேணாமா? பெரியம்மாகிட்ட நானே எழுதிச் சொல்லிக்கிறேன்." வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். பேனாவை எடுப்பேன், பூண்டு விலை எழுதுவேன், மழை எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். உங்கள் ஏப்ரல் கடிதம் வந்த பிறகு அதுவும் முடியவில்லை. கல்யாணத்தன்று மூத்தவர் உட்காரும் நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. திபூர்சியா மாமி உட்காரப் போனாள், அன்செல்மோ சட்டென்று தன் சட்டையைக் கழற்றி அதில் போட்டுவிட்டார்.

சியோங் என்னிடம் சொன்னது இன்னொன்றும் உண்டு. மார்ச்சில் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். துணி மடிக்கும் இடத்தில் நீங்கள் எல்லோரிடமும் சொல்வீர்களாம், "பேப்பர் முடியட்டும், என் தங்கச்சி வந்து சேரட்டும். அப்புறம் ரெண்டு பேருமா ஊருக்குப் போயிடுவோம்" என்று. சியோங் அதைச் சொல்லிச் சிரித்தாள். "வந்து சேர்ந்தவள எதுக்கு மனாங் திரும்பக் கூட்டிட்டுப் போறீங்கன்னு கேட்டா, மொறைச்சுப் பாப்பாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனாங், நான் ஒருநாளும் அமெரிக்கா கேட்டதில்லை. எண்பத்திரண்டில் மனுப் போட்டேன் என்று எழுதினீர்கள். சரி என்று எழுதினேன். வேறென்ன எழுத முடியும்? நான் பள்ளிக்கூடம் போனது உங்கள் சம்பளத்தில். இந்த வீட்டுக் கூரை நீங்கள் போட்டது. நீங்கள் அங்கே ஒற்றையாக இருக்கிறீர்களே, ஒருநாள் போய்ப் பக்கத்தில் இருக்கலாமே என்றுதான் நின்றேன். எனக்குக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் நின்றிருக்கிறீர்கள். நான் உங்களிடம் வருவதற்கும், நீங்கள் என்னிடம் வருவதற்கும் ஒரே வரிசையில் நின்றிருக்கிறோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். அன்செல்மோ தினமும் ஷூவைத் துடைக்கிறார். "போவாட்டியும் ஷூ என்னோடது" என்கிறார். ஆனால் அவருக்கு ஆசை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. வா என்று நீங்கள் சொன்னால், பேரக்குழந்தை முகம் பார்க்காமல் கிளம்பி வருகிறேன். மனதில் வேறு இருந்தால் அதைச் சொல்லுங்கள். சியோங்கிடம் சொல்லாதீர்கள். என்னிடம் சொல்லுங்கள்.

லியோனிதா


வைப்பாஹு
24 ஜூன் 2005

என் தங்கை லியோனிதாவுக்கு, நலம். உன் நலமும், அன்செல்மோ, நெஸ்தோர் நலமும், குறிப்பாக அர்லினின் நலமும் அறிய விரும்புகிறேன். அவளைக் கனமான எதையும் தூக்க விடாதே.

உன் கடிதத்தை வேலை இடைவேளையில் வாசித்தேன். வாசித்துவிட்டு மீண்டும் போய் மடிக்கத் தொடங்கினேன். அருகிலிருந்தவள், "மனாங், அதையே எத்தன தடவ மடிப்பீங்க?" என்று கேட்ட பிறகுதான் ஒரே விரிப்பைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

எனக்குக் கொடுக்கத் தெரியும். அதை நானே கற்றுக்கொண்டேன், வாசிப்பைக் கற்றதைப் போல. கேட்பதை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை, நானும் முயலவில்லை. சொல்லத் தொடங்கி ஐந்து தாள்களைக் கிழித்துவிட்டேன். ஆகவே எனக்குப் பழக்கமான நடையிலேயே எழுதுகிறேன். சிரிக்காதே. அன்செல்மோவையும் சிரிக்க விடாதே.

கீழே கையெழுத்திடும் பெர்பெத்துவாவாகிய நான், வயது அறுபத்தாறு, கைம்பெண், லியோனிதாவின் உடன்பிறந்த மூத்தவள், அவள் வீட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கோருகிறேன். ஓய்வூதியம் வரும், எவருக்கும் சுமையாக இருக்க மாட்டேன். உடல்நிலை குறித்து மறைப்பதற்கில்லை: மணிக்கட்டு சரியில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது, குறட்டை விடுவேன். பிறர் பேச்சில் பிழை கண்டால் திருத்தும் பழக்கம் உண்டு, விட முயல்வேன். நாற்று நட இயலாது. பூண்டு தரம் பிரிக்க, குழந்தையைத் தூங்கவைக்க, கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க இயலும்.

எனக்குள்ள அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹவாயிலிருந்து வருபவள் பெட்டிகளோடு வர வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். திபூர்சியா வேலியருகே வந்து நிற்பாள். ஒரு பெட்டியோடு வருவேன், அதிலும் பாதி புத்தகங்கள். இத்தனை காலம் நீங்கள் கண்ட மனாங், வெளியிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தவள். கையில் ஒன்றுமில்லாமல் வாசலில் வந்து நிற்பவளை உங்களுக்குப் பழக்கமில்லை. எனக்கும் பழக்கமில்லை.

நான் கிளம்பினால் உன் மனு விழுந்துவிடும் என்றுதான் இங்கேயே இருந்தேன். அது ஒன்றுதான் உனக்கு நான் இன்னும் தர முடிந்தது என்று நினைத்தேன். அதை உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். அன்செல்மோவின் ஆசையைக் கெடுத்ததற்கு அவரிடம் நான் வருந்துவதாகச் சொல். நெஸ்தோரிடம், வந்ததும் அவனை முறைப்படி ஒருமுறை கோபித்துக்கொள்வேன், அதற்குத் தயாராக இருக்கச் சொல்.

ஆனால் நீங்கள் வரத்தான் விரும்புகிறீர்கள் என்றால் வாருங்கள். அறை இருக்கிறது. நான் தொடர்ந்து வேலைக்குப் போவேன். ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். ஜூலை பதினெட்டு வரை இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. அதற்குப் பிறகு ஒன்று மூடிவிடும், மீண்டும் திறக்காது. அதனால்தான் நானாக முடிவு செய்யாமல் உன்னைக் கேட்கிறேன்.

மரியாதைக்காகச் சரி என்று எழுதாதே. அப்படிப்பட்ட ஒரு சரியை நம்பி இருவரும் கிழவிகளாகிவிட்டோம். இடமில்லை என்றால் இடமில்லை என்று எழுது, தாங்கிக்கொள்வேன். இடம் இருந்தால் அந்த மூலையில் கிடக்கும் நெல் மூட்டையை எங்கே நகர்த்துவாய் என்பதையும் எழுது. அப்போதுதான் நம்புவேன்.

உடனே பதில் எழுது.

பெர்பெத்துவா